நன்னூலின் கடைசிச் சூத்திரமும் கடைச் சீட்டும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ நான்கு பக்கம் எழுதித் தந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு என் கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அந்த முள்ளை எடுக்க நன்னூலைத் திரும்பப் புரட்டினேன். புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம், நயினார் குடும்பம். திண்ணையில் உட்கார்ந்து பாட்டனார் சொல்லச் சொல்ல நன்னூலை மனப்பாடம் செய்தேன். பொருள் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். 1976-இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. 1979-இல் பம்பாய்க்கு வண்டியேறி, மாட்டுங்காவில் அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரம். பொழுது சாயும் முன்பே சாப்பாட்டை முடித்துவிடும் வீடு எங்களுடையது. ஆகவே கடை அடைத்த பின் கிடைக்கும் இரவு நேரம் முழுவதும் புத்தகத்துக்குத்தான். அப்படிச் சேர்த்துக்கொண்ட படிப்பு இது. குறை இருந்தால் கற்றோர் பொறுத்தருள்க.

ஒரு மதிப்பெண்ணின் கதை

2003-ஆம் ஆண்டு. நம் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடந்த ஒரு கட்டுரைப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். தலைப்பு ‘மும்பையும் நானும்’. தாராவியிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மழைக்காலத்தில் கோலிக்குள் தண்ணீர் புகுந்ததையும், பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவன் அப்பா விடிய விடிய நின்றதையும் எழுதியிருந்தான். கடைசி வரி: ‘நான் இந்த ஊருக்கு அந்நியன் அல்ல.’

நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘எண்ணை’ என்றிருந்ததை ‘எண்ணெய்’ ஆக்கினேன். ‘சுவற்றில்’ என்பதைச் ‘சுவரில்’ என்று திருத்தினேன். ‘முன்னூறு’ என்பதை ‘முந்நூறு’ ஆக்கினேன். கடைசி வரியில் ‘அல்ல’ என்பதை அடித்து ‘அல்லேன்’ என்று எழுதினேன். பிழைக்கு ஒரு மதிப்பெண் வீதம் கழித்ததில் முதற்பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரிசளிப்பு மேடையில் பேசும்போது, பெயர் சொல்லாமல், அந்த வரியை வாசித்துக் காட்டினேன். ‘அல்ல என்பது அஃறிணைப் பன்மைக்கு உரியது. இந்தத் தம்பி தன்னை ஆடுமாடுகளோடு சேர்த்து எண்ணிக்கொண்டார்’ என்றேன். சபை சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இறங்கி வந்தபோது பையன் அருகில் வந்து, ‘அல்லேன்னு எங்க வீட்ல யாரும் பேசி நான் கேட்டதே இல்லியே ஐயா’ என்றான். ‘கேட்டதில்லை என்றால் படிக்கணும் தம்பி’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சென்ற ஆண்டு கடைக்கு வந்தவர் அவர்தான். நல்ல வேலையில் இருக்கிறார். கூடவே எட்டு வயசுப் பெண் குழந்தை. கடைக்குள் மாட்டியிருக்கும் விலைப் பலகையைக் குழந்தை வேடிக்கை பார்த்தது; படிக்கத் தெரியவில்லை. நான் கேட்காமலேயே அவர் சொன்னார்: ‘மார்க் போனதுக்கெல்லாம் வருத்தமில்ல ஐயா. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் தமிழ்ல எழுதவே கை வரல. நான் விட்டுட்டேன். அதான் இவளுக்கும் வரல.’

அன்றைக்கு நான் சொன்ன இலக்கணம் சரியானதுதான். ஆனாலும் ஏதோ ஒன்று தவறிப்போனது. எது தவறியது என்று பார்க்கத்தான் நன்னூலிடம் போனேன்.

பவணந்தியார் விட்டுச்சென்ற கதவு

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமண முனிவர் என்பதும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டியபடி அதைச் செய்தார் என்பதும் தெரிந்த செய்திகள். சீயகங்கன் ஆண்டது கோலார்ப் பக்கம். கன்னடமும் தமிழும் கலந்து புழங்கிய எல்லை நாடு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எண்ணூறு ஆண்டுகளாக ஓதப்படும் இலக்கணம், தமிழ் மண்ணின் விளிம்பில், பிறமொழி காதில் விழுந்துகொண்டே இருந்த ஓர் இடத்தின் ஆதரவில் பிறந்தது. நம்மைப்போல் வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இது ஒரு தெம்பு.

பாயிரம் முதல் எண்ணினால் நன்னூலில் 462 சூத்திரங்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் இப்படி இப்படி என்று வரிசையாக விதி வகுத்துக்கொண்டு வந்தவர், 462-ஆவது சூத்திரத்தில், அதாவது நூல் முடியும் இடத்தில், என்ன சொல்கிறார்? பழைய வழக்குகள் உதிர்ந்து போவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் போக்கு. அவற்றைக் குற்றமென்று கொள்ளற்க என்கிறார். பூட்டெல்லாம் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனது போல் இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தை மேடைதோறும் சொல்கிறோம். பொங்கல் விழாவில், பழைய துணி எரிக்கும் போகிக்குக்கூட இதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அதே நூலின் 388-ஆவது சூத்திரத்தை யாரும் சொல்வதில்லை. எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி உயர்ந்தோர் வழங்கினார்களோ அப்படியே வழங்குவதுதான் மரபு என்பது அதன் கருத்து. ஒன்று ‘உயர்ந்தோர் சொன்னபடி சொல்’ என்கிறது. மற்றொன்று ‘மாறினால் தவறில்லை’ என்கிறது. முரண் அல்லவா?

தூய்மை பேசுவோர் 388-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘எப்படி எழுதினால் என்ன’ என்பவர்கள் 462-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருமே பாதி நூலைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் துணிபு. 388 ஒரு காலத்தில் நின்று பேசும் விதி: இன்றைய அளவு எது என்று கேட்டால் அது விடை சொல்லும். 462 காலங்களைக் கடந்து பார்க்கும் விதி: அந்த அளவே எப்படி நகர்கிறது என்று அது சொல்லும். படி அளக்கிறவனுக்குப் படி சரியாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் படியே ஒருநாள் லிட்டராக மாறிற்று. மாறிய பின்பும் அளக்காமல் யாரும் விற்றதில்லை.

உபதேசம் செய்ததோடு பவணந்தியார் நிற்கவில்லை, தம் நூலுக்குள்ளேயே செய்தும் காட்டினார். பெரும்பாலோர் கொள்ளும் பாடப்படி, தொல்காப்பியத்தில் சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. அந்த விதியை இன்றைக்கும் நடத்தினால் சட்டி, சண்டை, சந்தை, சம்பளம் எதையும் எழுத முடியாது. ‘சங்கம்’ என்ற சொல்லே கிடையாது. நாம் தமிழ்ச் சங்கம் வைப்பது எப்படி? நான் ‘சமணன்’ என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டில் ‘அமண்ணன்’ என்றுதான் இருக்கிறது. இடையே பல நூற்றாண்டுகளாக மக்கள் வாயில் சகரம் புகுந்து நிலைத்துவிட்டது. பவணந்தியார் அதைத் தடுக்காமல் விதியையே விரித்து, பன்னிரண்டு உயிரோடும் சகரம் முதலாகும் என்று எழுதிவிட்டார்.

இன்னும் பாருங்கள். தொல்காப்பியருக்குத் தெரிந்தது ‘யான்’. நன்னூலில் ‘யான்’ பக்கத்திலேயே ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் ‘கள்’ விகுதி அஃறிணைக்கு உரியது. திருக்குறளிலேயே ‘பூரியர்கள்’ என்று மக்களுக்கு வந்துவிட்டது. நன்னூல் அதைப் பலர்பாலுக்கும் ஏற்றுக்கொண்டது. இன்று ‘அவர்கள்’, ‘நீங்கள்’ என்பதில் அந்தக் ‘கள்’தான் மரியாதைக்கே அடையாளம். ஒரு காலத்தில் ஆடுமாடுகளுக்கு உரியதாக இருந்த விகுதியைத்தான் இன்று மேடையில் தலைவருக்குப் போடுகிறோம்!

இப்போது என் முள்ளுக்கு வருகிறேன். ‘வேறு, இல்லை, உண்டு’ என்னும் மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்பது நன்னூல் விதி. ‘உண்டு’ என்பதன் வடிவத்தைப் பார்த்தால் அது ஒன்றன்பால் ஈறு. ஆனாலும் ‘நான் உண்டு, என் வேலை உண்டு’ என்று நாம் சொல்கிறோமே, அது சரி என்றுதான் இலக்கணம் சொல்கிறது. வழக்கு மிகுந்தது, விதி வழிவிட்டது. ‘நான் உண்டு’ சரியென்றால், ‘நான் அல்ல’ என்பது அதே பாதையில் பின்னால் வருகிற சொல்தானே? அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று என்ற வரிசை முழுவதையும் இன்று ‘அல்ல’ ஒன்றே சுமக்கிறது. பத்திரிகையில், மேடையில், பாடப் புத்தகத்துக்கு வெளியே எங்கும் அதுதான். அந்தப் பையன் தன்னை ஆடுமாடுகளோடு சேர்த்துக்கொள்ளவில்லை. தன் காலத்துத் தமிழை எழுதினான். இது எனக்கு உறைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தவிடு என்று பெயர் வைத்த கழகம்

இது தமிழுக்கு மட்டும் உள்ள வழக்கு என்று எண்ண வேண்டாம். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் 1583-இல் ஒரு மொழிக் கழகம் தொடங்கினார்கள். பெயர் ‘குருஸ்கா’. அதற்குப் பொருள் தவிடு! மாவிலிருந்து தவிட்டைச் சலித்து நீக்குவதுபோல் மொழியைச் சலிக்க வேண்டும் என்பது எண்ணம்; சலிக்கும் பொறிதான் அவர்கள் சின்னம். 1612-இல் பெரிய அகராதி வெளியிட்டார்கள். அரிசி வியாபாரியான எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்படிச் சலித்த நாட்டில் நடந்தது என்ன? ‘அவன்’ என்று எழுவாயாக வர ‘எல்யி’ என்ற சொல்லே வேண்டும், ‘லூயி’ என்பது ‘அவனை’ என்ற இடத்துக்கே உரியது என்று இலக்கணக்காரர்கள் விதித்திருந்தார்கள். மக்கள் வாயில் ‘லூயி’தான் எழுவாயாகவும் வந்தது. மான்சோனி என்னும் பெரிய நாவலாசிரியர் 1840 முதல் 1842 வரை தம் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது, பல இடங்களில் ‘எல்யி’யை எடுத்துவிட்டு ‘லூயி’ போட்டார். இன்றைக்கு இத்தாலியப் பேச்சில் ‘எல்யி’ அரிதாகிவிட்டது. நம் ‘அல்லேன்’ போலத்தான்.

2016-இல் நடந்தது இன்னும் நெருங்கி வந்து குத்துகிறது. பெர்ராரா அருகே ஓர் ஆரம்பப்பள்ளிச் சிறுவன், இதழ்கள் நிறைந்த பூவைச் சொல்ல ‘பெத்தலோசோ’ என்று அகராதியில் இல்லாத ஒரு சொல்லை எழுதினான். ஆசிரியை அதைப் பிழை என்றுதான் குறித்தார். கூடவே அழகான பிழை என்றும் குறித்தார். அந்தச் சொல்லைக் குருஸ்கா கழகத்துக்கே எழுதிக் கேட்கச் செய்தார். கழகம் பதில் போட்டது: சொல் முறையாகத்தான் அமைந்திருக்கிறது, ஆனால் அகராதியில் ஏற வேண்டுமானால் பலர் அதைப் பயன்படுத்த வேண்டும், பலருக்கும் அது புரிய வேண்டும் என்று. சலிக்கிறவர்கள் சலிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளையைச் சிரித்து விரட்டவும் இல்லை. அந்த ஆசிரியையும் ஒரு பிழையைக் கண்டார், நானும் கண்டேன். வித்தியாசம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1680-இல் அங்கே பிறந்து இங்கே வந்த வீரமாமுனிவர்தான், குறில் எ, ஒ என்பவற்றையும் நெடில் ஏ, ஓ என்பவற்றையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து எழுதும் முறையைத் தந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அதற்கு முன் குறிலுக்குப் புள்ளி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிற்பாடு 1935-இல் பெரியார் தம் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 43 ஆண்டு அச்சில் புழங்கிய பிறகு, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ணை, லை, ளை, னை உள்ளிட்ட எழுத்துகளின் புது வடிவை ஏற்று ஆணையிட்டது. அதே திட்டத்தில் ஐ, ஔ இரண்டையும் விட்டுவிட்டு அய், அவ் என எழுதும் யோசனையும் இருந்தது. அதைப் பொதுவழக்கு ஏற்கவில்லை. ஒரே திட்டத்தில் ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை. ஆணை மட்டும் போதாது, புழக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நான் பள்ளியில் கற்றது துதிக்கை வைத்த ‘லை’. இன்றும் அவசரத்தில் கை அதைத்தான் போடும்; கடைப் பையன் ‘இது என்ன எழுத்து மொதலாளி’ என்பான்.

நாம் வாழும் மாநிலத்திலும் இதே கதைதான். உச்சரிப்பில் மறைந்துவிட்ட மூக்கொலிப் புள்ளிகளை எழுத்திலும் விட்டுவிடலாம் என்று 1962-இல் மராத்திக்கு விதி செய்தார்கள். அதனால் மராத்தி கெட்டுப்போகவில்லை.

கம்பியில் குத்திய சீட்டுகள்

எங்கள் கடையில் சாமான் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. பழைய சீட்டுகளை எறிய மனசு வராமல் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கட்டுரைக்காக அதை இறக்கிப் பார்த்தேன். தாராவி, செம்பூர், மாட்டுங்கா மூன்று இடத்துக் கையெழுத்தும் அதில் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ், நெல்லைத் தமிழ், எங்கள் வட ஆர்க்காட்டுத் தமிழ் எல்லாம் ஒரே கம்பியில் குத்தப்பட்டுக் கிடக்கின்றன. இதில் யார் வழக்கை ‘உயர்ந்தோர் வழக்கு’ என்று எடுப்பது? ஊர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மராத்திக்காரர் ‘சேம்பூர்’ என்பதை நாம் ‘செம்பூர்’ ஆக்கித் திருநெல்வேலிப் பக்கத்து ஊர் மாதிரி செய்துகொண்டோம். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும் கோயம்புத்தூரைக் கோவை என்றும் ஏற்றுக்கொண்டு அதற்கு ‘மரூஉ’ என்று பெயரும் வைத்தவர்கள் நம் இலக்கணக்காரர்கள்.

சீட்டுகளில் அடிக்கடி வருவது ‘எண்ணை’. எள்ளின் நெய் என்பதால் எண்ணெய். ஆகவே கடைசியில் ‘ய்’ வேண்டும் என்பது என் வாதமாக இருந்தது. இப்போது யோசிக்கிறேன். எள்ளின் நெய்க்கே ‘நல்லெண்ணெய்’ என்று அடைமொழி போட வேண்டி வந்துவிட்டதே, ஏன்? எண்ணெய் என்ற சொல் எள்ளை எப்போதோ மறந்துவிட்டது. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. பொருள் இவ்வளவு தூரம் போயிருக்க, எழுத்து மட்டும் பழைய வீட்டு வாசலில் காவல் நிற்கிறது. நிற்கட்டும், அது அழகுதான். ஆனால் ‘எண்ணை’ என்று எழுதியவனைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அவன் காதுக்குக் கேட்டதை எழுதினான்.

‘சுவற்றில்’ என்பதும் அப்படித்தான். ஆறு ஆற்றில் ஆகிறது, கயிறு கயிற்றில் ஆகிறது. அந்தக் கணக்கில் சுவரையும் சேர்த்துவிட்டார்கள். கணக்கு தப்பு. ஆனால் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மூளை இலக்கணமாகத்தான் வேலை செய்திருக்கிறது. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையோ நம் மலரிலேயே நடக்கிறது. கட்டுரைப் பக்கத்தில் ‘வாழ்த்துகள்’. விளம்பரப் பக்கத்தில் ‘வாழ்த்துக்கள்’. அடியேன் கொடுத்த விளம்பரத்திலும் அப்படித்தான்!

இனி மறுபக்கம். ‘2 கிலோ வெள்ளம்’ என்றும் ‘அரை கிலோ புலி’ என்றும் சீட்டு வந்திருக்கிறது. கடையில் நிற்கும்போது யாருக்கும் குழப்பமில்லை. வெல்லமும் புளியும் கட்டிக்கொடுத்தோம். ஆனால் கடையை விட்டு வெளியே போனால் வெள்ளம் வெள்ளம்தான், புலி புலிதான். ல, ள, ழ மூன்றும் கலந்துபோனால் மொழி தன் கையிலிருந்த வேறுபாட்டை இழக்கிறது. ‘முயற்ச்சி’ என்று எழுதுவதும் வேறு வகை. றகர ஒற்றுக்குப் பின் இன்னோர் ஒற்றை வாயும் சொல்வதில்லை, காதும் கேட்பதில்லை. அது வழக்கு ஆகாது, கை தவறு.

ஆகவே வியாபாரி முறையில் ஒரு சோதனை சொல்கிறேன். காசு தேய்ந்திருந்தாலும் எல்லாக் கடையிலும் வாங்குகிறார்கள் என்றால் அது செல்லும் காசு. பளபளவென்று இருந்தாலும் கள்ளக் காசு செல்லாது. ஒரு சொல் வடிவம் பல ஊரில், பல தலைமுறையாக, கற்றோர் கல்லாதோர் இரு பக்கமும் புழங்கி, பொருளையும் மயக்கவில்லை என்றால் அது தேய்ந்த காசு. ‘அல்ல’, ‘முன்னூறு’, ‘வாழ்த்துக்கள்’ எல்லாம் இந்த வகை. பொருள் மயக்கம் தருவதும், ஒருவர் அவசரத்தில் மட்டும் நேர்வதும் திருத்த வேண்டியவை. நம் இலக்கணத்தில் வழாநிலை, வழு என்ற இரண்டோடு ‘வழுவமைதி’ என்று மூன்றாவது ஒன்று இருப்பதை மறக்கலாகாது. குற்றம்தான், ஆனாலும் அமைத்துக்கொள்வோம் என்ற பெருந்தன்மைக்கே ஒரு கலைச்சொல் வைத்த மொழி நம்முடையது.

அயல் சொற்களுக்கும் இதே சோதனைதான். என் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் அசல், பாக்கி, வசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. சாவி, அலமாரி, ஜன்னல் போர்ச்சுக்கீசியர் தந்தவை. எங்கள் சமணப் பெரியோர் ஸ்ரீபுராணத்தை வடசொல் கலந்த மணிப்பிரவாள நடையில்தான் எழுதி வைத்தார்கள். அந்தப் பையன் எழுதிய ‘கோலி’ என்ற சொல்லையும் அன்று நான் அடித்து ‘அறை’ என்று போட்டேன். பத்துக்குப் பத்தில் ஏழு பேர் படுக்கும் இடத்துக்கு ‘அறை’ என்ற சொல் போதுமா? அவன் சொல்தான் அந்த இடத்துக்குப் பொருத்தம். அதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஓர் எதிர்வாதம்

‘இப்படியே விட்டுக்கொண்டு போனால் நாளைக்குச் சிலப்பதிகாரத்தை யார் படிப்பது?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அல்லேன், அல்லை தெரியாதவனுக்குச் சிந்தாமணி திறக்காது. ஆகவே பழைய வடிவங்களைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். அவை படிப்பதற்கான இலக்கணம். பிள்ளை தன் அப்பாவைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு வேண்டியது எழுதுவதற்கான இலக்கணம். நான் அன்றைக்கு இந்த இரண்டையும் ஒன்றாக்கினேன். சிந்தாமணியைப் படிக்க வைத்திருந்த சாவியைக் கொண்டு ஒரு பையனின் வாயைப் பூட்டிவிட்டேன்.

இங்கே நம் நிலைமை தமிழ்நாட்டைப்போல் இல்லை. அங்கே ஒருவன் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான். இங்கே மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களே தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவரவர் பிழைப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் பேத்தி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் ஆங்கில எழுத்தில் வருகிறது. அதில் ல, ள, ழ தகராறு இல்லை. றகரம், ரகரம் தகராறு இல்லை. சந்திப் பிழையே கிடையாது. பிழை செய்யவும் எழுத்து வேண்டுமே! தமிழ் எழுத்தில் ‘எண்ணை’ என்று எழுதுகிற பிள்ளை இன்னும் நம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. அதைத் துரத்திவிட்டு யாருக்காக விதியைக் காப்பது?

462-ஆம் சூத்திரத்தை நான் இப்போது இப்படித்தான் வாசிக்கிறேன். பழையது போய்ப் புதியது வரலாம் என்றால், புதியதைக் கொண்டுவர ஆள் இருக்க வேண்டும். எழுதுகிறவன் இருந்தால்தான் வழக்கு. வழக்கு இருந்தால்தான் இலக்கணம். பவணந்தியார் வைத்துவிட்டுப் போன சாவி எழுதுகிறவர்களுக்காக வைக்கப்பட்டது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மலர்க் குழுவினரும் போட்டி நடத்துவோரும் மூன்றே மூன்று செய்தால் போதும். ஒன்று: பிள்ளைகளின் கட்டுரையில் பொருளுக்கும் சொல்லும் திறத்துக்கும் முதல் மதிப்பெண் கொடுங்கள், எழுத்துப் பிழைக்குக் கழிப்பதைப் பொருள் மயக்கும் பிழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு: பிழையைத் தனியே கூப்பிட்டு, காரணத்தோடு சொல்லுங்கள். எள்ளும் நெய்யும் சேர்ந்த கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ‘எண்ணெய்’ என்று ஆசையாக எழுதும். மூன்று: மேடையில் எந்தப் பிள்ளையின் வரியையும் சிரிப்புக்காக வாசிக்காதீர்கள். இது அடியேன் செய்த தவறு. அந்தத் தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ‘பரவால்ல ஐயா’ என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அந்தக் குழந்தை கடைக்கு வருகிறது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து விலைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. ‘பச்சரிசி’ வரை வந்திருக்கிறோம்.

நிறைவாக ஒன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்றாலும் இக்கட்டுரையிலும் பிழைகள் இருக்கும். கண்டவர்கள் தயங்காமல் சொல்லலாம், திருத்திக்கொள்கிறேன். மேடையில் வேண்டாம், கடைக்கு வாருங்கள். நல்ல காப்பி போட்டுத் தருகிறேன்.

அனைவருக்கும் வாழ்த்துக்கள். வாழ்த்துகளும்தான்.